ஒரு கூட்டின் நீளம்

கோழி புல் தின்னும் என்பதை நாற்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்துகொண்டேன். கோழி குப்பையைக் கிளறும், பூச்சி பொறுக்கும், சிந்தின அரிசியைக் கொத்தும். அதுவரை நான் கண்டது அவ்வளவுதான். பசும்புல்லில் விட்டுப் பாருங்கள். நுனியை மட்டும் கிள்ளிக் கிள்ளித் தின்னும். தலை நிமிராது.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டது திடலில் பழுத்துக் கிடக்கும் புல்லைப் பற்றி. சொல்கிறேன். கோழியை விட்டுவிட்டு அதைச் சொன்னால் விளங்காது. உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் முதலிலிருந்து வருகிறேன். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் காளியப்பன். லாபிஸிலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கிற தோட்டத்தில் பதினெட்டு வருஷம் வேலை. முதல் பத்து வருஷம் பால்வெட்டு. பிறகு லாலான் புல்லைக் கொல்ல மருந்து அடிக்கிற கூட்டத்தில் இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ரப்பர் விலை விழுந்தது உங்களுக்குத் தெரியும். பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். மாதம் இரண்டு முறை லாரி வரும். பெயர் வாசிக்கப்பட்ட குடும்பங்கள் தகரப்பெட்டியோடு ஏறும். லாபிஸ் ஸ்டேஷன், அங்கிருந்து ரயில், அதன் பிறகு ஊருக்குக் கப்பல். நாற்பது கதவு இருந்த எங்கள் லயத்து வரிசையில் தை மாதத்தில் ஏழு கதவுதான் மிச்சம். காலி வீடுகளில் வௌவால் குடியேறிவிட்டது.

எனக்கு ஊருக்குப் போக மனமில்லை. அங்கே நிலமில்லை, வீடில்லை. மனைவி வெள்ளையம்மாவை இந்தத் தோட்டத்தில்தான் புதைத்தேன். ஆனால் அதெல்லாம் பெரிய காரணம் இல்லை. எங்கள் ஊரில் நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய தெரு மூன்று உண்டு. இங்கே பதினெட்டு வருஷம் செருப்புக் காலோடு நடந்துவிட்டேன். மறுபடி குனிந்து அதைக் கழற்ற வேண்டும் என்று நினைத்தாலே களைப்பாக இருக்கும். அவ்வளவுதான்.

அப்போதுதான் தோட்டத்துத் துரைக்குக் கோழி யோசனை வந்தது. சீமையிலிருந்து வந்த ஏதோ புத்தகத்தில் படித்தாராம். கறிக்கோழியைக் கொட்டகையில் அடைக்காமல் புல்தரையில் வளர்ப்பது. நன்றாக வந்தால் ரயிலில் சிங்கப்பூருக்கு அனுப்பலாம். லாபிஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ருக்னுதீன் பாயும் வாரத்துக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பந்து விளையாட ஆள் இல்லாமல் கிடந்த திடலைத் துரை இதற்கு ஒதுக்கினார்.

கூடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம், இடுப்பளவு உயரம். மரச்சட்டம், சுற்றிலும் கம்பிவலை, மேலே பாதிக்கு அத்தாப்பு ஓலைக் கூரை. அடிப்பாகம் கிடையாது. கோழி புல்லின்மேல்தான் நிற்கும். தினமும் காலையில் கூட்டை ஒரு கூட்டின் நீளம் முன்னால் நகர்த்த வேண்டும். எச்சம் பழைய இடத்தில் தங்கிவிடும், கோழிக்குப் புதுப் புல் கிடைக்கும். சில நாள் கழித்துப் பார்த்தால் கூடு கடந்துபோன இடமெல்லாம் கட்டம் கட்டமாகக் கரும்பச்சையாக எழும்பி நிற்கும். பார்க்க அழகாக இருக்கும்.

இரண்டு கூடு. கூட்டுக்கு ஐம்பது குஞ்சு. ஒன்று என் பொறுப்பு. இன்னொன்று அர்ச்சுனன் பொறுப்பு. அவன் பால்வெட்டுக்காரன், முப்பது வயது. லயத்தில் என் பக்கத்து வீடு. அவன் மனைவி புஷ்பவள்ளி.

கூட்டை ஒற்றை ஆளாக நகர்த்த முடியாது. முன்னால் ஒருவன் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும், பின்னால் ஒருவன் கழியைக் கொடுத்து நெம்ப வேண்டும். வேகமாக இழுத்தால் கடைசியில் நிற்கும் குஞ்சு சட்டத்துக்கு அடியில் மாட்டும். முதல் வாரம் ஏழு குஞ்சு அப்படிச் செத்தது. இரண்டு பேருக்கும் புது வேலை. அர்ச்சுனன்தான் வழி கண்டுபிடித்தான். கோழி நடக்கிற வேகத்தில்தான் கூடும் நடக்க வேண்டும் என்றான். அதற்குப் பிறகு ஒன்றுகூட மாட்டவில்லை. தினமும் முதலில் அவன் கூடு, பிறகு என் கூடு. இரண்டுக்கும் அவன் முன்னால், நான் பின்னால்.

அவன் பேசிக்கொண்டே இழுப்பான். ஒரு நாள் கூட்டைத் தட்டிக் காட்டிச் சொன்னான்:

"பாத்தீங்களாண்ணே, கோழிக்கு வீடு கட்டி அதுக்குக் காலும் வச்சிட்டாரு தொரை. நம்ம லயத்துக்கு ஒரு கதவு வைக்கச் சொன்னா மட்டும் பலகை இல்லையாம்."

நான் சிரித்தேன். அவனோடு எனக்கு ஒரு சண்டையும் இருந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குனியில் கங்காணி ஐயாசாமி வந்து சொன்னார். சித்திரையில் ஒரு திங்கட்கிழமை துரை எடை பார்ப்பார். கூட்டுக்குப் பத்துக் கோழி தராசில் ஏறும். எவன் கோழி கனமோ அவன் தோட்டத்தில் இருப்பான். மற்றவன் பெயர் அடுத்த லாரிக்கு.

அர்ச்சுனன் அதை நம்பவில்லை. "ரெண்டு ஆள் இல்லாம கூடு எப்படிண்ணே நகரும்? தொரைக்கு இது தெரியாதா? கங்காணி சும்மா நம்மள ஓட வைக்கிறாரு" என்றான். நான் நம்பினேன். என்னிடம் யாரும் அதுவரை நல்ல செய்தியைப் பொய்யாகச் சொன்னதில்லை, கெட்ட செய்தியையும் பொய்யாகச் சொன்னதில்லை.

அவன் கோழிகள் கனமாக இருந்தன. அதற்குக் காரணம் புஷ்பவள்ளி. அவள் பழைய பானைகளில் காய்ந்த சாணியும் தேங்காய் நாரும் அடைத்து, தண்ணீர் தெளித்து, பட்ட ரப்பர் கட்டைகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பாள். விடிந்து போய்த் தூக்கிப் பார்த்தால் பானை நிறையக் கரையான். கூட்டுக்குள் கொட்டினால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தின்னும். அவள் அப்போது மாசமாக இருந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு பானைகளைச் சுமந்து வருவாள்.

எனக்கும் ஒரு பானை கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். அடுத்தவர் கையால் வளர்ந்தால் அது என் கோழியாகாது. மறுநாளும் கொண்டுவந்தாள். மறுநாளும் வேண்டாம் என்றேன். அர்ச்சுனன் என் கூட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒங்க கோழியும் தொரை மாதிரிதான். கால் நீளம், வெயிலுக்கு ஆகாது" என்றான். கேலிதான். பொறாமை இல்லாதவன்தான் அப்படிக் கேலி செய்வான். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர்கள் ஜெயிக்கப் போகிறார்கள், அதோடு என்மேல் இரக்கமும் காட்டுகிறார்கள். இரண்டையும் ஒரே வீட்டிலிருந்து வாங்கிக்கொள்வது ஒரு மனிதனுக்குப் பாரம்.

நான் கோபக்காரன் இல்லை. யார்மேலும் கை நீட்டியதில்லை. உட்கார்ந்து யோசித்தேன். அர்ச்சுனன் வயசுக்காரன், ஊரில் அவனுக்கு அண்ணன் இருக்கிறான், ஒரு காணி நிலம் இருக்கிறது. அவன் போனால் பிழைத்துக்கொள்வான். நான் போனால் செருப்பைக் கழற்ற வேண்டும். ஆகவே அவன் போவதுதான் நியாயம். இதில் பகை எங்கே இருக்கிறது?

எடைக்கு முந்திய வெள்ளிக்கிழமை நான் அவனுக்கு முன்னால் திடலுக்கு வந்தேன். புஷ்பவள்ளிக்குக் கால் வீங்கியிருந்தது. அவன் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுத்தான் வருவான். அது எனக்குத் தெரியும்.

முதலில் உங்களிடம் சொன்னதை இங்கே மாற்றிக்கொள்கிறேன். மருந்துக் கூட்டம் திடல் ஓரத்தில் அடித்திருக்கும் என்று சொன்னேன். அந்தக் கூட்டம் கலைந்து ஒரு வருஷம் ஆகிறது. ஸ்டோரில் ஒரு டின்னின் அடியில் மருந்து மிச்சம் இருந்தது. நான்தான் அடித்தேன். அர்ச்சுனன் கூட்டுக்கு முன்னால், பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம். கால்களால் அளந்து நாலு மூலையிலும் குச்சி நட்டு அடித்தேன். அளவு தவறினால் பக்கத்து வரிசையில், என் கோழிகள் நிற்கப் போகும் இடத்தில் விழுந்துவிடும். அடித்து முடித்துக் குச்சிகளைப் பிடுங்கிவிட்டேன். ஈரம் பனி மாதிரித்தான் இருந்தது. அந்த மருந்து பட்ட புல் பழுக்க இரண்டு நாள் ஆகும்.

அர்ச்சுனன் வந்தான். வழக்கம்போல முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்தான். நான் பின்னால் நெம்பினேன். கோழி நடக்கிற வேகத்தில் கூடு நடந்தது. ஒரு கூட்டின் நீளம். அவன் தீனிப் பையை எடுத்தபோது, இன்றைக்குத் தீனியைக் கொஞ்சம் தாமதமாகப் போடு, பசியில் மேய்ந்தால் சதை பிடிக்கும், திங்கட்கிழமை தராசில் நிற்கும் என்று சொன்னேன். அண்ணன் சொன்னால் சரி என்றான். அவனுடைய கோழிக்கு நான் யோசனை சொன்னதில் அவனுக்குச் சந்தோஷம்.

மத்தியானத்துக்குள் கோழிகள் இறக்கையைத் தொங்கவிட்டன. சில கழுத்தைப் புல்லில் சாய்த்துக்கொண்டன. அர்ச்சுனன் கழிச்சல் நோய் என்று நினைத்தான். என் கூட்டைத் தள்ளி வைக்கச் சொல்லி என்னை அவசரப்படுத்தினான், எனக்கும் தொற்றிவிடும் என்று. இரண்டு பேருமாக என் கூட்டைத் தூரமாக இழுத்துப்போனோம். அன்றைக்கும் அவன்தான் முன்னால் நின்று இழுத்தான்.

சாயங்காலம் ருக்னுதீன் பாய் சைக்கிளில் வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து, கடையைப் பார்த்துவிட்டு, கோழி பார்க்க வருவார். கூட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரு கோழியின் தலையை விரலால் நிமிர்த்தினார். அது நிற்கவில்லை.

"இது சாகப் போறது, அர்ச்சுனா. நான் எடுக்க மாட்டேன். நீங்களும் தின்னாதீங்க" என்றார்.

அர்ச்சுனன் என்னைப் பார்த்தான். எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீக்கு வந்த கோழியைச் சாக விடமாட்டோம். மூச்சு இருக்கும்போதே அறுத்துவிடுவோம். செத்தால் பிணம், அறுத்தால் கறி. அதிலும் இந்த வருஷம் எவன் வீட்டில் கறி வெந்தது? பாய் போன பிறகு அவன் கேட்டான், "அறுத்துடலாமாண்ணே?"

"அறுத்துடு. செத்தா யாருக்கும் ஆகாது" என்றேன்.

அவன் அறுத்தான். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். மற்றவை அதற்குள் செத்துவிட்டன; மூச்சு இருந்தவை பதினான்கு. ஏழு வீட்டுக்கும் இரண்டிரண்டு. என் பங்கு இரண்டைப் புஷ்பவள்ளியிடம் கொடுத்து, நீயே சேர்த்து ஆக்கிவிடு என்றேன். தனி ஆள்தானே நான்.

சாப்பிட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். அந்த மருந்து உப்புக் கரிக்கும். அடித்த புல்லை மாடு தேடிப் போய் நக்கும். நாங்கள் அடித்துக்கொண்டிருந்த ஒரு வருஷம் மூன்று மாடு செத்தது. கங்காணி கிட்டே நின்று புதைக்க வைத்தார். இறைச்சியில் மருந்து இருக்கும், ஈரலில்தான் அதிகம் தங்கும், யாரும் தொடக் கூடாது என்று கூட்டத்தில் எல்லோருக்கும் சொன்னார். நானும் கேட்டேன். ஆனால் அவர் சொன்னது மாட்டைப் பற்றி. கோழியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி ஏழு வீட்டில் ஆறு வீடு வாந்தி எடுத்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் முதலில் வாந்திபேதி என்று நினைத்துக் கிணற்றுக்கு ஆள் நிறுத்தினார். பிறகு கோழியைப் பற்றிக் கேள்விப்பட்டு, சீக்குக் கோழியைத் தின்ற வினை என்று எழுதிக்கொண்டார். கறி தின்றவர்கள் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டார்கள். அர்ச்சுனனும் எழுந்தான். புஷ்பவள்ளி சனிக்கிழமை உச்சி வேளையில் போய்விட்டாள். ஏழு மாதம்.

குழி வெட்ட ஆள் குறைவு. பாதி ஆட்கள் படுக்கையில். நான்தான் வெட்டினேன். வெள்ளையம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

திங்கட்கிழமை எடை நடக்கவில்லை. பார்ப்பதற்கு ஒரு கூட்டுக் கோழிதான் இருந்தது. துரை வந்து என் கோழிகளைப் பார்த்தார். பரவாயில்லை என்றார். பிறகு ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி எனக்குத் தமிழில் சொன்னார். இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று துரைக்கு முதலிலிருந்தே தெரியுமாம். இருவரையும் வைத்துக்கொள்வதாகத்தான் இருந்தாராம். அர்ச்சுனன் இருக்கிறானா என்று கேட்கிறார் என்றார்.

அர்ச்சுனன் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனே பெயர் கொடுத்து லாரியில் ஏறினான். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் லாபிஸ் ஸ்டேஷன் வரை லாரியில் போனேன். பாய் தின்னாதே என்று சொல்லியும் கேட்காமல் அவளுக்குத் தின்னக் கொடுத்தேனே என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ரயில் வந்ததும் என் கையைப் பிடித்தான்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையேண்ணே. அது போதும்."

நான் பத்திரமாகப் போய்வா என்றேன். வேறு என்ன சொல்வது?

அதற்குப் பிறகு பின்னால் நெம்ப நான் இருந்தேன், முன்னால் இழுக்கச் சரியான ஆள் இல்லை. வந்தவர்கள் யாருக்கும் அந்த வேகம் பிடிபடவில்லை. ஒருவன் இழுத்தால் கூடு ஓடும், இன்னொருவன் இழுத்தால் சாயும். தினமும் ஒன்றிரண்டு கோழி மாட்டும். கால் ஒடிந்ததை நானே அறுத்துவிடுவேன். தின்ன மாட்டேன். காலையில் எழுந்ததும் கூட்டின் ஞாபகம் வரும், உடம்பு எழும்பாது. நீங்கள் வந்து கூப்பிட்டபோது சட்டையை மாட்டிக்கொண்டு உடனே வந்தேனே, பார்த்தீர்கள் அல்லவா. அன்றைக்குக் கூட்டை நகர்த்த வேண்டாம் என்ற நிம்மதிதான்.

உங்களிடம் சொன்னது பாய் என்று எனக்குத் தெரியும். அவர்மேல் வருத்தமில்லை. போன மாதம் திடலுக்கு வந்தார். நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு வரிசையாகப் பச்சைக் கட்டங்கள். ஒரே ஒரு கட்டம் மட்டும் வைக்கோல் நிறம். அர்ச்சுனன் கூடு இருந்த வரிசையில், கூடு அளவுக்கு, மூலை மட்டம் பிடித்த மாதிரி. "சீக்கு வந்த கோழி புல்லையும் கொல்லுமா காளியப்பா?" என்று கேட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறவில்லை.

கொஞ்சம் அசட்டையாக, வரம்பு தாண்டி அடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு எதையும் அளந்து செய்துதான் பழக்கம்.

இன்னும் ஒன்று கேட்டீர்கள். உன் வீட்டுக்கும் குழம்பு வந்ததே, நீ மட்டும் ஏன் படுக்கவில்லை என்று. டிரஸரிடம் நான் சாப்பிட்டேன், எனக்கு ஒத்துக்கொண்டது என்று சொல்லியிருந்தேன். அதையும் திருத்திக்கொள்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் புஷ்பவள்ளி வந்தாள். எங்கள் லயத்தில் குழம்பு இறக்கினால் முதல் கரண்டி பக்கத்து வீட்டுக்குத்தான். அவர்கள் வீட்டில் இன்னும் யாரும் இலை போடவில்லை. அவள் குழம்பு ஊற்றிய மங்குக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே ஈரலாக இருந்தது. நாலு கோழியின் ஈரல்.

"ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேண்ணே. அவுகளுக்குத் தெரியாது" என்றாள். "பாவம், நீங்க கறி தின்னு எத்தன நாளாச்சு."

குழம்பை என் தட்டில் ஊற்றிக்கொண்டேன். அதைப் பிறகு வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். நாய் கிளறக் கூடாது என்று கல்லையும் தூக்கி வைத்தேன். வாயில்லாத ஜீவன். மங்கு என் கையில் இருந்தது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. வீட்டில் போட்டுக் கொடுக்க ஒரு பிடி சீனிகூட இல்லை.

ஈரலை அப்படியே மங்கில் விட்டு அவளிடம் கொடுத்தேன். "நீ சாப்பிடு தங்கச்சி. வாயும் வயிறுமா இருக்கிறவ" என்றேன். அவள் மறுத்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்காமல் ஈரல் தின்றால் எனக்குத்தான் பாவம் என்று சொன்னேன். அங்கேயே, என் வாசலில் நின்று தின்றாள். கடைசித் துண்டு வரை தின்கிறாளா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். கூடப் பிறந்த அண்ணன் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.